அட்டைக்குத் தீ சுமந்த பருவம்

மாலை நடை முடிந்து தேநீர்க் கடைப் பலகையில் நாம் அமரும்போதெல்லாம், என் வயதொத்த நண்பர்களாகிய நீங்கள் ஒரு விஷயத்தில் என்னை விடுவதில்லை. கடைக்காரர் தேநீரில் ஏலக்காய் தட்டிப் போடப் போகும் கணத்தில் நான் கையை நீட்டித் தடுப்பேன். உடனே, "போடியில குடியிருந்துக்கிட்டு ஏலக்காய வேணாங்கிற ஒரே ஆளு நீருதான்யா" என்று கேலி பிறக்கும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று இதுநாள்வரை சொல்லி வந்தேன். அது உண்மையன்று. உண்மையைச் சொல்ல ஒரு தேநீர் ஆறும் நேரம் போதாது. ஆகவே எழுதித் தருகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. என் பெற்றோர் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளாகிய லயத்தில் குடியிருந்தனர். தந்தை, பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைக் காத்தார். வெப்பம் குறைந்தால் காயின் நிறம் போய்விடும் என்பதனால், அறுவடைக் காலத்தில் அவர் வீடு திரும்புவதே அரிது. தாய் காய் எடுக்கும் பெண்களுள் ஒருத்தி. சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் சட்டை, தலையில் கோணிச்சாக்கை மடித்துக் கவிழ்த்த கொங்காணி, இடுப்பில் கூடை. அந்தக் கோலத்தில்தான் அவள் முகம் இன்றும் என் நினைவுக்கு வருகிறது.

மலையேறிப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஏலச்செடி ஆள் உயரத்தைக் கடந்து வளர்வது. எனினும் அது காய்ப்பதோ அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரங்களில். எனவே பெண்கள் பகல் முழுவதும் ஈர மண்ணில் குந்தியிருந்து இரு கைகளாலும் காய் பறிப்பார்கள். மழைக்காலத்தில் அந்த மண் அட்டைகளுக்கு உரியது. புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போவார்கள். முதல் தூறலிலேயே அது கரைந்தோடும். கடித்த அட்டையைப் பிய்த்தெடுத்தால் இரத்தம் எளிதில் நிற்காது. நெருப்புப் பட்டாலோ தானே சுருண்டு விழும். ஆனால் சேறு படிந்த கைகளால் தீக்குச்சி உரசுவது எப்படி? மலையின் ஈரத்தில் தீப்பெட்டியும் நமத்துப்போகும். ஆகையால் காய் எடுக்கும் ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு பிள்ளை தீ சுமந்தது. தீ என்றால் பந்தமன்று. பற்றவைத்த ஒரு பீடி.

பீடியின் குணம் உங்களுக்குத் தெரியும். இழுக்காமல் கையில் வைத்திருந்தால் அணைந்துவிடும்.

என் தாயின் கூட்டத்திற்கு நான்தான் தீ சுமந்தேன். மலைப்பள்ளி முடிந்த நேரமும் விடுமுறை நாள்களும் எனக்கு அந்தச் செடிகளின் இடையேதான் கழிந்தன. முதல் பீடியைத் தன் உதட்டில் வைத்துப் பற்றவைத்து, புரையேறி இருமிவிட்டு, அவளே என் கையில் கொடுத்தாள்.

"வாயோட இழு, வாயோட விடு. நெஞ்சுக்குள்ள விட்றாத, அப்பு" என்றாள்.

அவள் கணக்கில் அது புகைபிடிப்பதே அன்று. குடத்தில் தண்ணீர் சுமப்பதைப் போல அதுவும் ஒரு சுமை. செடிகளின் நடுவிலிருந்து, "அப்பு, தீயக் கொண்டா" என்று ஒரு குரல் எழும். நான் கொங்காணிக்குள் பீடியின் கங்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். சேற்றில் நீண்டிருக்கும் காலில் அட்டையைத் தேடிக் கங்கைத் தொடுவிப்பேன். அது சுருளும்போது ஒரு மெல்லிய ஓசை கேட்கும். நசுங்கிய ஏலக்காயின் மணம், சாக்கின் நனைந்த வாடை, பீடிப்புகை ஆகிய மூன்றும் கலந்த ஒரே காற்றைத்தான் அந்தப் பருவம் முழுவதும் சுவாசித்தேன். குளிரில் பற்கள் கிட்டும் ஒரு பிற்பகலில் புகையை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்தேன். உடம்புக்குள் ஒரு கம்பளியை விரித்தாற்போல் இருந்தது. அதன் பிறகு அட்டை இல்லாத இடத்திலும் எனக்குத் தீ தேவைப்பட்டது.

எட்டாம் வகுப்போடு மலைப்பள்ளி முடிந்தது. ஒன்பதாம் வகுப்பிற்காக என்னைப் போடியில் இருந்த அத்தையின் வீட்டில் சேர்த்தார்கள். என் கையிலிருந்த தீ என் தங்கையின் கைக்குப் போயிற்று. நான் ஜீப்பில் ஏறும்போது அதை ஒரு பதவி உயர்வைப் போல அவள் என்னிடம் கூறியது நினைவிருக்கிறது. நான் சிரித்தேன் என்றே எண்ணுகிறேன்.

போடியில் அட்டை இல்லை, மழையும் அரிது. பீடி மட்டும் என்னைத் தேடி வந்தது. பள்ளிக்குப் போகும் வழியிலிருந்த பெட்டிக்கடையில், பீடி பற்றவைத்துக்கொள்வதற்காக ஒரு கயிறு தொங்கும். அதன் நுனி நாள் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும். அதைக் கடக்கும்போது என் கால்கள் தாமாகவே மெதுவாகும். வாய்க்கால் கரையில் கிடக்கும் துண்டுப் பீடிகளைப் பொறுக்கவும் பழகினேன்.

பள்ளியில் நான் ஒருவன் மட்டும் அல்லன். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் பீடித் துண்டுகள் குவிந்து கிடப்பதைத் தலைமை ஆசிரியர் கண்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த மருந்து இரண்டே: பிரம்பு, மாற்றுச் சான்றிதழ். அப்போது அறிவியல் ஆசிரியர் குறுக்கிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். டி.சி. கொடுத்தால் பையன் போவானே தவிரப் பழக்கம் போகாது, காலாண்டுத் தேர்வுவரை தமக்கு அவகாசம் வேண்டும் என்று கேட்டாராம். தலைமை ஆசிரியர் இசைந்தார். அதற்குள் விடாதவன் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்.

பள்ளியை விட்டுப் போவது என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கடையோ, வயலோ இருந்தது. எனக்கு மலைதான் இருந்தது. மலைக்குத் திரும்பினால் மறுபடியும் தீ சுமக்க வேண்டும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அந்தக் கங்கின்மேல்தான் மிதிக்க வேண்டும் என்பது அந்த வயதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

கடைசி மணி அடித்ததும் அறிவியல் ஆசிரியர் எங்களை ஆய்வுக்கூடத்தில் கூட்டுவார். பிரம்பு இல்லை, கதவும் சாத்தப்படாது. முதல் நாள் ஒரு கண்ணாடிப் புட்டியைக் காட்டினார். உள்ளே வெள்ளைப் பஞ்சு, மேலே துளையிட்ட ரப்பர் மூடி, மூடியில் செருகிய பீடி. புட்டியோடு இணைத்த குழாய் வழியே காற்றை உறிஞ்சும்போது பீடி கனன்றது. பஞ்சு கடுங்காப்பியின் நிறத்திற்கு மாறியது.

"பாத்துக்கங்கடா. இதான் உங்க நெஞ்சு" என்றார்.

எனக்கு அருகிலிருந்த ஜீப்பு டிரைவரின் மகன் எழுந்து, "சார், பஞ்சு நம்மளவிட நல்லா இழுக்குது. சங்கத்துல சேத்துக்கிருவமா?" என்று கேட்டான். அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்திற்குப் பஞ்சுச் சங்கம் என்று பெயர் நிலைத்தது.

அவருடைய ஏற்பாடு, இன்று எண்ணிப் பார்க்கையில், பெரும்பாலும் செம்மையானதே. ஒவ்வொருவனுக்கும் ஒரு துணையை நியமித்தார். துணை இல்லாமல் பெட்டிக்கடையைக் கடக்கக் கூடாது. முந்தைய நாள் தவறியவன் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னவனை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. எனக்கு வாய்த்த துணை அந்த டிரைவரின் மகன்தான்.

"மாப்ளே, கயித்தப் பாக்காத. கடைக்காரர் மீசையப் பாரு, ஆசையே விட்டுப் போகும்" என்பான். நான் மீசையைப் பார்ப்பேன். கயிறும் தெரியும்.

சங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். தேறியதற்குக் காரணம் என்று அவர்கள் அனைவரும் சொன்னது ஆசிரியரின் தகர டப்பாவை. அவருடைய மாமனார் ஏலக்காய் வணிகக் கடையில் பணியாற்றியவர். அங்கு வெடித்ததும் வெளுத்ததுமாய்க் கழித்த காய்களை ஒரு டப்பாவில் நிரப்பி ஆசிரியர் கொண்டுவருவார். "கை பீடியத் தேடுச்சுன்னா இதுல ஒண்ண வாயில போடு. நம்ம ஊரு மருந்து இது, வேற எந்த ஊருக்காரனுக்கும் கிடைக்காது" என்று பெருமிதத்தோடு ஆளுக்கு ஒரு பிடி பையில் இடுவார்.

நான் அதை வாயிலிட்டு முதல் கடி கடித்த கணத்தை இப்போதும் மறக்க இயலவில்லை. ஆய்வுக்கூடம் மறைந்தது. காலடியில் சேறு. தலையில் நனைந்த சாக்கு. கையில் கங்கு அணைந்துகொண்டிருக்கிறது, எங்கிருந்தோ கூப்பிடுகிறார்கள், நான் இழுத்தாக வேண்டும். வாயில் எச்சில் ஊறியது. மற்றவர்களுக்குப் பீடியை மறக்கடித்த அதே காய் எனக்கு அதை நினைவூட்டியது மட்டுமன்று, கட்டளையிட்டது. அன்று மாலையே வாய்க்கால் கரைக்கு ஓடினேன்.

இதையெல்லாம் இன்று எழுதுவதுபோல் அன்று நான் அறிந்திருக்கவில்லை. என் பிறவியிலேயே ஏதோ குறை என்று மட்டும் நினைத்தேன். மறுநாள் தவறியதைச் சொன்னேன். ஆசிரியர் கோபிக்கவில்லை, "சரி, உனக்கு ஒரு பிடி பத்தாது" என்று இரண்டு பிடி கொடுத்தார். மறுபடி தவறினேன். கொடுக்கும் அளவு கூடியது. வீட்டிலும் தப்ப வழியில்லை. அத்தை, காய் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். அவளுடைய சேலை, பாய், சோற்றுப்பானையின் மூடிகூட ஏலக்காயாகவே மணக்கும். என் சட்டைப்பையைத் துவைக்க எடுத்தபோது காய்களைக் கண்டு, "உங்க சாரு குடுத்ததா? கீழ போட்றாத அப்பு, வெரசாத் தின்னு. படிக்கிற பிள்ளைக்கு நல்லது" என்றாள்.

ஆசிரியர் எங்களிடம் இன்னொன்றும் கேட்டார். முதல் பீடியை யார் கொடுத்தது என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும்; அந்தத் தோழமையை விட்டால்தான் பழக்கம் விடும் என்பது அவர் கருத்து. அண்ணன் என்றான் ஒருவன். சினிமாக் கொட்டகை என்றான் இன்னொருவன். டிரைவரின் மகன், "எங்கப்பா ஜீப்பு சார், அதுல சீட்டுக்கு அடியில கிடந்துச்சு" என்றான். என் முறை வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. என் அம்மா என்று எப்படிச் சொல்வது? மலைக்காரப் பிள்ளைகள் என்றாலே பள்ளியில் ஓர் இளக்காரம் இருந்தது. பெற்ற தாயே பீடி கொடுத்தாள் என்று தெரிந்தால் அவளை என்ன சொல்வார்கள்? ஆசிரியரின் முகத்தில் முதன்முறையாக ஒரு சலிப்பைக் கண்டேன். யாரையோ காப்பாற்றுகிறான் என்று அவர் எண்ணியிருப்பார். அது சரியே, ஆனால் என் தாயை அவர்களிடமிருந்தே காப்பாற்றினேன் என்பதை அவர் அறியவில்லை.

காலாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு நாள், துணைவன் காய்ச்சலில் வராதிருந்தான். சட்டைப்பையில் ஆசிரியரின் காய்கள், வாயில் அவற்றுள் இரண்டு, கையில் புகையும் துண்டு. அந்த நிலையில் வாய்க்கால் கரையில் நான் நிற்கையில், மிதிவண்டியில் வந்த தலைமை ஆசிரியர் என்னைக் கண்டார். அவர் அடிக்கவில்லை.

"உங்க அம்மாவையோ அப்பாவையோ கூட்டியா. டி.சி.ய வாங்கிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார்.

டிரைவரின் மகன் வழியே அவன் தந்தைக்கும், அவர் வழியே தோட்டத்திற்கும் செய்தி ஏறிற்று. தந்தையால் அடுப்பை விட்டு வர இயலாது. முதல் ஜீப்பிலேயே தாய் இறங்கி வந்தாள். வேலைக்குப் புறப்பட்டவள் அப்படியே ஏறிவிட்டாள் போலும். அதே சட்டை, கக்கத்தில் கொங்காணிச் சாக்கு. தலைமை ஆசிரியரின் அறை வாசலில் செருப்பில்லாத கால்களோடு நின்றாள். கணுக்காலுக்கு மேலே ஓர் இரத்தக் கோடு உலர்ந்திருந்தது. அறிவியல் ஆசிரியரும் அங்கே இருந்தார். கையில் தகர டப்பா.

"ஏம்மா, ஒம் மகன் பீடி குடிக்கிறான், தெரியுமா? யாரு பழக்குனதுன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறான்" என்றார் தலைமை ஆசிரியர்.

தாய் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நாந்தான் சார் குடுத்தேன்."

"அட்டைக்கு" என்று தொடர்ந்தாள். செடி அடியில் உட்காருவது, கை நனைந்திருப்பது, தீப்பெட்டி நமத்துப்போவது ஆகியவற்றை ஒரு வேலையை விவரிக்கும் குரலில் சொன்னாள். "வாயோடதான் இழுக்கச் சொன்னேன் சார். எங்க லயத்துல எல்லாப் பிள்ளைகளும் செய்யிற சோலிதான்."

அறிவியல் ஆசிரியர் மெல்ல, "அதான் நான் இந்த மருந்து குடுத்தேம்மா. எல்லாப் பயலுகளுக்கும் கேட்டுச்சு, இவனுக்கு மட்டும் கேக்கல" என்று டப்பாவைத் திறந்து நீட்டினார்.

மணம் எழுந்தது. என் தாய் அதை நுகர்ந்துவிட்டு, நம்ப இயலாதவளைப்போல அவரைப் பார்த்தாள்.

"இதையா சார் குடுத்தீக? இவன் பீடி குடிச்சதே இதுக்கு நடுவுலதான? இந்த வாசம் பட்டா எனக்கே இப்ப மழ பேயிற மாதிரி இருக்கு, கால அட்ட கடிக்கிற மாதிரி இருக்கு. சின்னப் பய என்ன செய்வான்?"

ஆசிரியர் டப்பாவை மூடினார். அந்தத் தகர மூடி அழுந்திய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. தாம் போடியிலேயே பிறந்தும் மெட்டைத் தாண்டியதில்லை என்று, யாரும் கேளாமலே, தணிந்த குரலில் சொன்னார். காயாகத்தான் அந்த மலை அவரை வந்தடைந்திருந்தது, மழையாக அன்று.

தலைமை ஆசிரியருக்கு அவ்வளவு எளிதில் மனம் இளகவில்லை. "அது சரிம்மா. இப்ப இவன் இங்க இருக்கான். அங்க யாரு இந்த வேலையப் பாக்குறா?" என்றார்.

"இப்ப இவன் தங்கச்சி கையிலதான் சார்..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல நின்றாள். பிறகு சாக்கைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, "நான் போகணும் சார். வெரசாப் போகணும். இவனப் படிக்க விடுங்க" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வாசலில் இறங்கிவிட்டாள். ஜீப்பைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று ஓடுகிறாள் என அன்று நினைத்தேன்.

அரையாண்டுவரை எனக்குத் தவணை கிடைத்தது. காலாண்டு விடுமுறைக்கு நான் மலையேறக் கூடாது என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அத்தை வேலை முடிந்து வந்ததும் குளித்துச் சேலை மாற்றிய பிறகே எனக்குச் சோறு போட்டாள். ஏலக்காய்க்கு மாற்றாக, பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து வந்த புளியைக் கொட்டை நீக்கும்போது சேர்ந்த விதைகளை வறுத்துக் கொடுத்தாள். கல்லைப் போல் கடினமானவை. ஒன்றை வாயில் அடக்கினால் நெடுநேரம் இளகாது. அதனுள் எந்த மழையும் பெய்யாது. பெட்டிக்கடையைக் கடக்கையில் தாடை வலிக்க அதை மெல்லுவேன். "மாப்ளே, ஒன் வாய்க்குள்ள ரைஸ் மில்லு ஓடுது" என்பான் துணைவன். தவறிய நாள்கள் இருந்தன. அவற்றுக்கு இடையேயான தூரம் மெதுவாகக் கூடியது.

அரையாண்டு விடுமுறைக்கு முன் காலைக் கூட்டத்தில் எங்களை மேடையேற்றினார்கள். புகையை வென்ற மாணவர்கள் என்று தலைமை ஆசிரியர் அறிவித்தார். பள்ளி முழுவதும் கைதட்டியது. அறிவியல் ஆசிரியர் என் தோளில் கை வைத்து, இனி நீ மலைக்குப் போய் வரலாம் என்றார். வாழ்க்கையில் நான் பெற்ற கைதட்டல் அது ஒன்றுதான். கால்சட்டைப் பை நிறையப் புளியங்கொட்டையோடு டிரைவரின் ஜீப்பில் ஏறினேன்.

மெட்டைத் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. லயத்தில் தங்கை மட்டும் இருந்தாள். ஏன் தோட்டத்தில் இல்லை என்று கேட்டேன். "அம்மா என்கிட்டருந்து தீயப் புடுங்கிருச்சு. வேற பிள்ளைக யாரும் தூக்கக் கூடாதுன்னு கங்காணிகிட்டச் சண்ட போட்டுருச்சு" என்று புகார் கூறினாள்.

நான் தோட்டத்திற்குள் நடந்தேன். செடிகளின் நடுவே, கொங்காணிக்குள் குனிந்து, ஒரு கையால் சரத்தைப் பிடித்து மறு கையால் காய் பறித்தபடி என் தாய் உட்கார்ந்திருந்தாள். உதட்டின் ஓரத்தில் பீடி. இழுத்துவிட்ட புகை, ஈரத்தில் மேலெழாமல் அவள் முகத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. பழகியவர்கள் இழுக்கும் இழுப்பு அது. இருமல் இல்லை.

அவள் என்னைக் கண்டதும் பீடியை எடுக்கவில்லை. எடுத்தால் அணைந்துவிடும்.

"கிட்ட வராத அப்பு" என்றாள். "வாசம் ஒட்டிக்கிரும்."

எனக்குப் பள்ளியில் ஒரு துணையைக் கொடுத்தார்கள். ஒரு கூடத்தைக் கொடுத்தார்கள். தவறினால் சொல்ல ஓர் இடத்தைக் கொடுத்தார்கள். நான் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினேன். சேற்றுக் கையால் தொட முடியாமல் அவள் வாயைத் திறந்தாள். நான் உள்ளே போட்டேன். ஒரு கன்னத்தில் விதையும் மறுபக்க உதட்டில் பீடியுமாக, "கல்லாட்டம்ல இருக்கு" என்று சிரித்தாள். கடித்துப் பார்த்தாள். அது இளகுவதற்குள் மேலே செடிகளின் இடையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அக்கா, தீயக் கொண்டா."

அவள் கங்கைப் பார்த்தாள். மங்கியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தாள். அது சிவந்ததும் எழுந்து போனாள்.